பதினோரு போட்டோவில் ஒரே புடவை

கையெழுத்து மோசமாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு மூட்டை தூக்கிய கை இது. பேனா பிடித்தால் நடுங்குகிறது. எந்த இடத்தில் சின்ன ர வரும், எந்த இடத்தில் பெரிய ற வரும் என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். படிக்கிறவர்கள் மனசுக்குள்ளேயே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பிறந்து, பிழைப்புக்காகத் திருப்பூர், பெங்களூர், சென்னை என்று போனவர்கள்தான் அதில் அதிகம். ஆரம்பித்தவன் என் தங்கை மகன். அவன் பிறந்து வளர்ந்தது திருநாவலூர். ஆனாலும் பள்ளிக்கூட லீவு முழுவதும் எங்கள் தெருவில்தான் கிடப்பான். பழைய போட்டோ வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் எடுத்துப் போடுங்கள் என்று அவன் கேட்டதுதான் தாமதம், வந்து குவிந்துவிட்டது. டிரங்குப் பெட்டியில் இருந்தது, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தது, கரையான் தின்று பாதி மிஞ்சியது என்று தினமும் பத்து, பதினைந்து. நான் எதற்கும் எதுவும் எழுத மாட்டேன். கும்பிடுகிற கை பொம்மையை மட்டும் அனுப்புவேன். நேரில் பேசவே எனக்கு வாய் வராது. போனில் எங்கிருந்து வரும்?

ஒரு நாள் பெங்களூரில் இருக்கிற பெண் ஒருத்தி கண்டுபிடித்தாள். எங்க அம்மா, எதிர்வீட்டுப் பெரியம்மா, தண்ணித்தொட்டி வீட்டு அக்கா, எல்லாரும் ஒரே புடவை கட்டியிருக்கிறார்களே என்று. உடனே ஆளாளுக்குத் தேட ஆரம்பித்தார்கள். பெரிய கட்டம் போட்ட பட்டுப்புடவை. இடது தோளில் மயில் வடிவத்தில் ஒரு புரூச். எண்ணிப் பார்த்தால் பதினோரு போட்டோ, பதினோரு பெண்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை என்பதால் புடவையின் நிறத்தைப் பற்றி அடுத்த சண்டை. ஒருத்தர் பச்சை என்றார். இன்னொருத்தர் கத்தரிப்பூ என்றார். அது மாம்பழ மஞ்சள், கரை அரக்கு. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

சண்டையை முடித்துவைக்க என் தங்கை மகன் எழுதினான்: "அது எங்க அம்மாவோட பட்டுப்புடவை. எங்க தாத்தா மாட்டை விற்று எடுத்துக் கொடுத்தது. தெருவே அம்மாவிடம் வாங்கிக் கட்டியிருக்கிறது. கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்லாதவங்க எங்க அம்மா." அதற்குக் கீழே எத்தனையோ பேர் இதயம் பொம்மை போட்டார்கள். அந்தக் காலத்தில் அந்தப் புடவையை யாரிடம் வாங்கினார்கள் என்று தெரிந்த கிழவிகள் யாரும் அந்தக் குழுவில் இல்லை. இருக்கிறவர்கள் எல்லாம் அவர்களுடைய பிள்ளைகள்.

அவன் எழுதியது தப்பு. ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். தப்பைத் திருத்தினால் என் தங்கைக்கு அவள் மகன் எதிரிலும் மருமகள் எதிரிலும் தலைகுனிவு. திருத்தாமல் விட்டால், அந்தப் புடவைக்குச் சொந்தக்காரியை நாங்கள் இரண்டாவது தடவையாக இல்லாமல் ஆக்குகிறோம். 

சொந்தக்காரி மேட்டுவீட்டு அத்தை. பேரை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒரு நாளும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் தெருவில் அவர் வீடு மட்டும் இரண்டு முழம் மேடாக இருக்கும். மழை வந்தால் எல்லார் வீட்டு அரிசியும் அங்கேதான் போய் உட்காரும். அத்தை எங்களுக்கு ரத்த சொந்தம் இல்லை. என் அப்பாவை அண்ணன் என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை. அந்தக் கணக்கிலேயே என் அம்மாவை அண்ணி என்பார்.

ஆள் கறுப்பாக, உயரமாக இருப்பார். நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போவதால் எப்போதும் நாலு பேருக்கு முன்னால் நடக்கிற மாதிரியே நடப்பார், தனியாகப் போகும்போதும். வெற்றிலை போட மாட்டார். வம்பு பேசுவார். சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதைக் கொடுத்தாலும், வாங்குகிறவர்தான் தனக்கு உபகாரம் செய்கிறார் என்கிற மாதிரி கொடுப்பார். குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைப்பார்.

"அண்ணி, எனக்கு ஒரு ஒத்தாச பண்ணேன். இந்தக் கொழம்ப வெச்சிக்கயேன். எம் வூட்ல பூன தொல்ல தாங்கல."

பூனையே இல்லாத வீடு அது. அப்பா செத்த பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் எவை என்று அந்தப் பூனைக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. என்னைக் கூப்பிட்டு, "டேய், இந்தச் சட்ட எங்கூடப் பொறந்த அண்ணன் மவனுக்கு எடுத்தேன், அவனுக்குப் பத்தல. வூட்ல கெடந்தா எலி கடிச்சிடும். நீ போட்டுக்கினு எனக்கு ஒரு ஒத்தாச பண்ணு" என்பார். சட்டை என் அளவுக்கே இருக்கும். வாங்கிக்கொள்ளவில்லை என்றால் நிஜமாகவே கோபம் வரும். அந்தக் கோபத்துக்குப் பயந்து எல்லாரும் வாங்கிக்கொண்டோம். வாங்கிய பிறகு யாருக்கும் மனசு சின்னதாகிப் போகாது. அத்தைக்கு நாம்தான் ஏதோ நல்லது செய்துவிட்ட மாதிரி இருக்கும்.

புடவையும் அப்படித்தான் தெருவுக்கு வந்தது.

அது அவருடைய கல்யாணக் கூறைப்புடவை. அவருடைய அப்பா ஒரு ஜோடி மாட்டை விற்று எடுத்தார். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் புருஷன் கல்வராயன் மலைக்குக் கடுக்காய் எடுக்கிற வேலைக்குப் போனார். போனவர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு தங்கிவிட்டார். அத்தை தாலியைக் கழற்றவில்லை. பட்டைக் கட்டவும் இல்லை. "மாடும் போச்சு, மாட்ட வித்தவரும் போயிட்டாரு, அதுக்காவ வந்தவனும் போயிட்டான். பொடவ மட்டும் எங்கயும் போவாம ஒக்காந்துக்கினு இருக்குது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் தெருவில் அன்றைக்கு வேறு யாரிடமும் பட்டு கிடையாது. எல்லாம் கூலிக்குப் போகிற வீடுகள். ஆனால் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தால் தரகர் முதலில் கேட்பது போட்டோ. அதனால் பெண்கள் அத்தை வீட்டுக்குப் போய்விட்டுத்தான் ஸ்டுடியோவுக்குப் போவார்கள். புருஷன் விட்டுவிட்டுப் போனவளின் கூறைப்புடவை, அதைக் கன்னிப்பெண் கட்டலாமா என்று வெளியூரில் கேட்பார்கள். எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் வேறு புடவை இல்லையே.

தோள் பக்கத்தில் ஒரு பொட்டு அளவுக்குக் கற்பூரம் பட்டு ஓட்டை விழுந்திருந்தது. அதை மறைக்கத்தான் மயில் புரூச். அதுவும் அத்தையுடையதுதான்.

கச்சேரி ரோட்டில் இருந்த ஸ்டுடியோக்காரர், மாடிப்படி வரைந்த திரையை இறக்கிக்கொண்டே, "பொடவ வந்துடுச்சா? பொண்ணு யாரு இந்தத் தடவ?" என்று கேட்பார். அத்தைதான் மடிப்பு வைத்துக் கட்டிவிடுவார். பவுடரைத் துடைத்துவிடுவார். "இந்தா, மூச்ச புடிச்சிக்கினு நிக்காத. போட்டோல வயிறு உள்ள போயிருந்தா வூட்ல சோறு இல்லன்னு நெனச்சிப்பான்" என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். பிறகு வெளியே போய், எல்லாருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"நீயும் ஒன்னு எடுத்துக்கம்மா, காசு வேணாம்" என்று ஒரு தடவை ஸ்டுடியோக்காரர் கூப்பிட்டாராம்.

"என்ன எடுத்தா ஒன் பொட்டி ஒடஞ்சிடும். அப்புறம் எங்க தெருவுல ஒருத்திக்கும் கல்யாணம் நடக்காது" என்றாராம் அத்தை.

என் அம்மாவுக்கு இருக்கிற ஒரே போட்டோவும் அந்தப் புடவையில் எடுத்ததுதான். அப்பா இருந்தபோதே எடுத்தது. வேண்டாம், எனக்கெதற்கு என்று அம்மா ஒதுங்கினார். "அண்ணி, பட்ட வருசத்துக்கு ஒரு வாட்டி காத்துல காட்டணும். நான் கட்டிக்கினு போனா ஊரு சிரிக்கும். நீ கட்டிக்கினு ஸ்டுடியோ வரைக்கும் நடந்துட்டு வா. எனக்கு ஒரு ஒத்தாச பண்ணு" என்று அத்தை துரத்தினார். இன்று என் வீட்டுச் சுவரில் மாலையோடு அம்மா அந்தப் புடவையில்தான் இருக்கிறார்.

நான் அப்போது லாரியில் லோடு ஏற்றுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினால், வெள்ளிமலையில் மரவள்ளிக் கிழங்கும் புளியும் ஏற்றிக்கொண்டு இறங்குவோம். ஒரு நாள் அங்கே டீக்கடையில் அத்தையின் புருஷனைப் பார்த்தேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டுபிடித்தார். அம்மா எப்படி இருக்கிறார், தெருவில் குழாய் போட்டுவிட்டார்களா என்று எல்லாம் விசாரித்தார். கடைசியில், கிளாசைக் கழுவி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பட்டுப் பொடவய வெச்சிக்கினு இருக்கறாளா, வித்துட்டாளா?"

"இருக்குதுங்க" என்றேன். 

இதை அத்தையிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னேன். முறத்தில் கேவுரு, அதான் கேழ்வரகு, புடைத்துக்கொண்டிருந்தார்.

"பொடவய கேட்டானா? என்ன பத்தி கேக்கல?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நீ இன்னா சொன்ன?"

"இருக்குதுன்னு சொன்னேன் அத்த."

"நல்லா சொன்ன போ. தெருல இருக்கறவளுங்க எல்லாம் பவுடர் போட்டுக்கினு அதுல சுத்தறாளுங்கன்னு சேத்து சொல்லிட்டு வர வேண்டிதான? என்ன வுட அதுதான் ஜாஸ்தி ஊரு பாத்திருக்குது."

சிரித்தார். முறத்தை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு, உமியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எளச்சிக்கிறானா?"

இளைத்துத்தான் போயிருந்தார். நான் இல்லை என்று சொன்னேன்.

இனி தங்கை கல்யாணம். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலிருக்கும். எனக்கு இருபத்தொன்று, தங்கைக்குப் பத்தொன்பது. அவளும் அந்தப் புடவையைக் கட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டாள். தரகர் அதைத் திருநாவலூரில் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோனார். குத்தகை நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். எங்களைவிட ஒரு படி மேலே. பையன் நல்லவன், குடி கிடையாது. அம்மாவுக்கு அந்த இடத்தின் மேல் உயிர்.

பத்து நாள் கழித்துத் தரகர் வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"ஒரு தப்பு நடந்து போச்சும்மா. நாலு மாசத்துக்கு முன்னால தண்ணித்தொட்டி வூட்டுப் பொண்ணு போட்டோவையும் அந்த வூட்டுக்குத்தான் குடுத்துருந்தேன். ஜாதகம் ஒத்து வரலன்னு வுட்டுட்டாங்க. ஆனா போட்டோவ திருப்பி வாங்க மறந்துட்டேன். மாப்ளயோட அம்மா ரெண்டையும் பக்கத்துல வெச்சிக்கினு பாத்துருக்காங்க. ஒரே பொடவ, ஒரே புரூச்சு. போட்டோக்கே எரவல் துணின்னா வேற எதெது எரவல்னு கேக்கறாங்க. அதுமட்டும் இல்ல. அது யார் கட்டின பொடவன்னும் கேக்கறாங்க."

கடைசிக் கேள்விதான் அம்மாவை உட்கார வைத்துவிட்டது. புருஷன் விட்டுப்போனவளின் கூறை என்று தெரிந்தால் அந்த இடம் அத்தோடு முடிந்தது. திருநாவலூரில் முடிந்தால் அக்கம்பக்கத்து ஊர்களிலும் முடிந்ததுதான். தங்கை உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வீட்டு ஆம்பளை என்று நான்தான் போய்ப் பேச வேண்டும். 

அத்தைக்குச் செய்தி எப்படிப் போனதோ தெரியாது. மறுநாள் காலையில், குளித்து, வெளுத்த நூல் புடவை கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"டேய், எனக்கு உளுந்தூர்பேட்ட பக்கம் ஒரு வேல இருக்குது. தனியா போவ பயமா இருக்குது. தொணைக்கு வந்து ஒரு ஒத்தாச பண்ணு."

அத்தைக்காவது, பயமாவது. தியாகதுருகம் தாண்டி, எலவனாசூர் தாண்டி, உளுந்தூர்பேட்டையில் இறங்கி வேறு பஸ் மாறினோம். வழியில் என்ன பேசப்போகிறார் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அங்க போயி நீ தலைய தொங்க போட்டுக்கினு இரு. அது ஒனக்கு நல்லா வரும்" என்றது மட்டும்தான்.

மாப்பிள்ளையின் அம்மா எங்களுக்கு மோர் கொடுத்தார். குடித்து முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, இரண்டு போட்டோவையும் கொண்டுவந்து பாய் மேல் வைத்தார்.

"இதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க. அப்புறம் மத்தது பேசலாம்."

அத்தை இரண்டையும் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, நிதானமாகப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் நல்லாதான் இருக்குது."

"நான் வெளயாட்டுக்கு கேக்கலம்மா."

"நானும் வெளயாடறதுக்கு பஸ் ஏறி வரலம்மா. பொடவ ஒன்னுதான். இல்லன்னு சொல்ல மாட்டேன். அது இந்தப் பையனோட தங்கச்சி பொடவ."

நான் மோர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

"அப்பன் இல்லாத வூடுன்னு தரகரு சொன்னாரே. பட்டு ஏது?"

"அப்பன் இருக்கும்போதே எடுத்துவெச்சது. ஒரு ஜோடி மாட்ட வித்துட்டு எடுத்தாரு. மாடு போனா போவட்டும், எம் பொண்ணு ஒரு நாளாவது பட்டு கட்டணும்னு சொன்ன மனுசன்." இதைச் சொல்லும்போது அத்தையின் குரல் கொஞ்சம் இறங்கியது. தன்னுடைய அப்பாவை அவர் எங்கள் வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அப்படிப்பட்ட பொடவய ஊருக்கெல்லாம் எதுக்கு குடுக்கறா?"

"அதாம்மா அவகிட்ட இருக்கற ஒரே கொற. யாரு வந்து கேட்டாலும் இல்லன்னு சொல்ல வராது. நான்கூட அவள எத்தினியோ வாட்டி திட்டியிருக்கறேன். எங்க தெருவுல எந்தப் பொண்ணு போட்டோ புடிக்க போனாலும் இவ பொடவயிலதான். நாளைக்கு இங்க வந்தாலும், பக்கத்து வூட்டுக்காரி வந்து கேட்டா எடுத்துக் குடுத்துடுவா. இப்பவே சொல்லிட்டேன். அதுக்கு ஒத்துக்கினா கட்டுங்க. அப்புறம் என்ன கொற சொல்லக் கூடாது."

அந்த அம்மாள் போட்டோக்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, நீ வாயே தெறக்காம ஒக்காந்துக்கினு இருக்கற. இது நெசமா?"

அத்தை என்னைப் பார்க்கவில்லை. வாசலில் கட்டியிருந்த கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க" என்றேன்.

"நீ யாரும்மா இவங்களுக்கு?"

"பக்கத்து வூடு."

"வூட்டுக்காரரு?"

"மல மேல வேல. வரப் போவ இருப்பாரு."

அந்த அம்மாள் தலையாட்டினார். பிறகு ஒன்று கேட்டார். அத்தை அதை எதிர்பார்த்து வந்தாரா இல்லையா என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன்.

"அப்ப கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பொடவ இங்கதான வரும்?"

"பின்ன? அவ பொடவ அவளோடதான வரும்" என்றார் அத்தை. நடவுக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வாரோ, அதே குரலில்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "ஏன் அத்த?" என்று கேட்டேன். 

"பொட்டி காலியானா கேவுரு கொட்டி வெச்சிக்கலாம்" என்றார். எலவனாசூர் வருவதற்குள் தூங்கிவிட்டார். தூங்கினாரோ, கண்ணை மூடிக்கொண்டாரோ.

நிச்சயத்துக்கும் தங்கை அந்தப் புடவைதான் கட்டினாள். கல்யாணத்தன்று மணவறைப் பக்கம் அத்தை வரவில்லை. சமையல் கட்டில் நின்று சாம்பார் வாளிக்கு ஆள் விரட்டிக்கொண்டிருந்தார். குரூப் போட்டோவுக்கு அம்மா ஆள் அனுப்பினார். "கை எல்லாம் எண்ண" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுவீட்டுக்கு வந்தபோது தங்கை பைக்குள் மறைத்துப் புடவையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அத்தை வாங்கவில்லை.

"மாமியா பொட்டிய தெறந்து பாத்து எங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவ? எடுத்துக்கினு போடி. எனக்கு ஒரு ஒத்தாச பண்ணு, பொய் சொல்லிட்டு வந்தவன்னு எனக்கு பேரு வாங்கிக் குடுக்காத."

அதற்குப் பிறகும் பெண்கள் கேட்டு வந்துகொண்டுதான் இருந்தார்கள். அத்தை வாசலிலேயே நிறுத்திச் சொல்வார். "அதுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. திருநாவலூர்ல வாழுது." சொல்லிவிட்டு அந்தச் சிரிப்பு.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, ஒரு ஐப்பசி மழையில், காய்ச்சல் வந்து மூன்றே நாளில் அத்தை போய்விட்டார். காரியத்துக்கு வைக்க ஒரு போட்டோ வேண்டும் என்று தெரு முழுக்கத் தேடினோம். ஸ்டுடியோக்காரரிடமும் போய்க் கேட்டேன். அத்தனை பேரை அழைத்து வந்தவருக்கு ஒன்றுகூட இல்லை. சொம்பில் தண்ணீரும் ஒரு விளக்கும் வைத்துக் கும்பிட்டோம். தங்கை அழுத அழுகையைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரிக்கா இப்படி அழுகிறாள் என்று அவள் மாமியார் ஆச்சரியப்பட்டார்.

மாமியாரும் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை துணிந்து திருநாவலூருக்குப் பஸ் ஏறினேன். தங்கை வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து நாலு உடைத்தேன்.

"போட்டோ எல்லாம் பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன். மருமவ காட்டினா."

"பையன் எழுதி இருந்தத?"

"படிச்சி காட்டினா."

"நீ ஒன்னும் சொல்லலியா?"

"நீ சொன்னியா? அன்னிக்கி 'ஆமாங்க'ன்னு சொன்னவன் நீதான ண்ணா."

நான் குனிந்து மல்லாட்டை உடைத்தேன். அவளே பேசினாள்.

"ஒனக்கு ஒன்னு தெரியாது. நான் இங்க வந்த மாசமே கோடி வூட்டுப் பொண்ணு வந்து பொடவ கேட்டா. எங்க மாமியா எதுரா நின்னுக்கினு பாக்குது, எம் மருமவ குடுப்பா, இல்லன்னு சொல்ல வராது அவளுக்குன்னு. நான் இன்னா பண்ணுவேன்? குடுத்தேன். பயந்துக்கினு குடுத்தேன். அப்புறம் இன்னொருத்தி. பொடவதான்னு இல்ல, கேவுரு, வெறகு, அண்டா, எது கேட்டாலும் மாமியா மூஞ்சிய பாத்துட்டு குடுத்தேன். அத்த சொன்னது பொய்யாயிடக் கூடாதே. அஞ்சாறு வருசம் அப்படி போச்சு. எப்ப பயம் போச்சுன்னு தெரியல. குடுக்கறது மட்டும் நிக்கல. அந்தப் பொடவ இந்தத் தெருவுல கிழியற வரைக்கும் எத்தினி பொண்ணு கட்டுச்சுன்னு எனக்கே கணக்கு இல்ல. எல்லாரும் என்ன நல்லவ நல்லவன்னு சொல்றப்ப எல்லாம் உள்ள குத்தும் ண்ணா. அது அத்தயோட கொணம். நான் எரவல் வாங்கிக்கினு வந்தேன்."

"எழுதட்டுமா?" என்று கேட்டேன். "ஒனக்கு சங்கடம்னா வேணாம்."

"நீ எழுது. ஆனா மொதல்ல இவங்கிட்ட நானே சொல்றேன். நீ எழுதினத படிச்சி தெரிஞ்சிக்கக் கூடாது." உள்பக்கம் திரும்பி மகனைக் கூப்பிட்டாள்.

அவன் வந்து படியில் உட்கார்ந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மாடு, மலை, கற்பூர ஓட்டை, மோர், இரண்டு போட்டோ, எதையும் விடவில்லை. கை மட்டும் மல்லாட்டையை உடைத்துக்கொண்டே இருந்தது. அவன் முகம் வாடிப்போனது. எனக்கு அங்கிருந்து எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

"அப்ப ஆயாகிட்ட பொய் சொல்லித்தான் ஒன்ன கட்டிக் குடுத்தாங்களா?" என்றான்.

"ஆமாம். அந்தப் பொய்ல பொறந்தவன்தான்டா நீ."

உள்ளே மருமகள் குபீரென்று சிரித்துவிட்டாள். அவனும் சிரிக்கப் பார்த்தான். முடியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். செல்போனை எடுத்து எதையோ தட்டிப் பார்த்தான்.

"நான் போட்டத இப்ப அழிக்க முடியாது. நேரம் தாண்டிப் போச்சு. கீழ வேற ஒன்னு எழுதித்தான் ஆவணும். இன்னா எழுதறது?"

தங்கை என்னைக் காட்டினாள். "மாமா எழுதித் தருவாரு. அவருதான் சாட்சி."

அங்கிருந்து வந்து நான்கு நாட்களாக எழுதுகிறேன். நீளமாகிவிட்டது. இவ்வளவையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த இரண்டு வரியை மட்டுமாவது படியுங்கள். அந்தப் பதினோரு போட்டோவில் இருக்கிறது மேட்டுவீட்டு அத்தையின் புடவை. திருநாவலூரில் நான் சொன்னது பொய்.

கருணாபுரம், கள்ளக்குறிச்சி.
மாசி மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை.